தேர்தல் வாக்குறுதி: சொல்வது அவர்கள், பில் கட்டுவது யார்?

தேர்தல் காலத்தில் உங்கள் போனுக்கு என்னவெல்லாம் வரும்? வேட்பாளர் ஒருவர் வாய் தவறிப் பேசிய 15 வினாடி வீடியோ வரும். அதை வைத்து நாலு மீம் வரும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அதையே மறுபடியும் அனுப்புவார். கூடவே, "நாங்கள் ஆட்சிக்கு வந்தால் இது ரத்து, அது இலவசம்" என்று ஒரு சுவரொட்டிப் படமும் வரும்.

வீடியோவைப் பார்த்துச் சிரிப்போம், பத்து பேருக்கு அனுப்புவோம். சுவரொட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துடுவோம். ஆனால் ஓட்டு எண்ணி முடிந்த பிறகு உங்கள் சம்பளத்தையும், படிப்புக் கடனையும், கடை பில்லையும் தொடப்போவது அந்தச் சுவரொட்டிதான்.

அதை எப்படிப் படிப்பது? 2018 மே 9ஆம் தேதி நடந்த மலேசியாவின் 14ஆவது பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். சறுக்கல்களும் இருந்தன, செலவு வாக்குறுதிகளும் குவிந்தன. இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டதால், எந்த வாக்குறுதி என்ன ஆனது என்று இன்று திரும்பிப் பார்க்க முடியும்.

சுருக்கமாகச் சொன்னால்:

• பிரசாரச் சறுக்கல் பெரும்பாலும் ஒரு வாரச் செய்தி. செலவு வாக்குறுதி பல ஆண்டுச் செலவு.
• தேர்தல் அறிக்கை சட்டம் கிடையாது. நிறைவேற்றாவிட்டால் நீதிமன்றம் போக முடியாது.
• ஒரு வரியை எடுத்தால், அந்த வருமானத்தை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.
• வாக்குறுதியைக் கேட்கும்போது ஐந்து கேள்விகள் போதும். அவை கட்டுரையின் கடைசியில் இருக்கின்றன.

11 நாள் பிரசாரம்

2018 ஏப்ரல் 6ஆம் தேதி அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக், நாடாளுமன்றம் மறுநாள் கலைக்கப்படும் என்று அறிவித்தார். ஏப்ரல் 28இல் வேட்புமனுத் தாக்கல், மே 9இல் வாக்களிப்பு. பிரசாரத்துக்குக் கிடைத்தது 11 நாள்.

ஒரு பக்கம், சுதந்திரம் கிடைத்ததிலிருந்து தொடர்ந்து ஆட்சியில் இருந்த தேசிய முன்னணி. இன்னொரு பக்கம் பக்காத்தான் ஹராப்பான் எனும் நம்பிக்கைக் கூட்டணி. அதன் பிரதமர் வேட்பாளர், 22 ஆண்டுகள் தேசிய முன்னணியின் பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர் முகமது. அப்போது அவருக்கு வயது 92. பாஸ் கட்சி தனியாகக் களத்தில் நின்றது.

1எம்டிபி விவகாரமும் விலைவாசியும்தான் மாமாக் கடையிலும் செராமா மேடையிலும் ஓயாத பேச்சு. 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு பொருள், சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, நடப்பில் இருந்தது. எந்தக் கடை ரசீதை எடுத்தாலும் கீழே அந்த வரி தனியாக அச்சாகியிருக்கும். விலை ஏறியதற்கெல்லாம் மக்கள் அந்த ஒரு வரியைக் காட்டினார்கள்.

சறுக்கல்கள் மூன்று

முதல் சறுக்கல், தேதி.

மே 9 ஒரு புதன்கிழமை. 1999க்குப் பிறகு பொதுத்தேர்தல் வார நாளில் நடந்தது அதுவே முதல்முறை. ஏப்ரல் 10இல் தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்ததுமே கோபம் கிளம்பியது. சிங்கப்பூரில் வேலை செய்பவர் பாலம் தாண்டி வரணும். கோலாலம்பூரில் இருக்கும் சரவாக், சபா மக்கள் விமான டிக்கெட் எடுக்கணும். பினாங்கிலோ கெடாவிலோ ஓட்டு வைத்திருப்பவர் வாரத்தின் நடுவில் லீவு கேட்கணும். மறுநாளே அரசாங்கம் மே 9ஐப் பொது விடுமுறையாக்கியது.

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. "பூலாங் மெங்குண்டி", அதாவது "ஊருக்குப் போய் ஓட்டுப்போடு" என்ற ஹேஷ்டேக் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் மாணவர்களுக்கு பஸ் டிக்கெட் காசு கொடுத்தார்கள். காரில் காலி இருக்கை இருந்தவர்கள் சமூக ஊடகத்தில் பதிவு போட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அஞ்சல் வாக்குச்சீட்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தபாலில் அனுப்பினால் நேரத்துக்கு வராது என்பதால், ஊருக்கு விமானம் ஏறுபவர்களிடம் மற்றவர்கள் தங்கள் சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். வார நாள் என்றால் வாக்களிப்பு குறையும் என்று பலர் பயந்தார்கள். அந்தப் பயமே ஒரு பிரசாரமாகிவிட்டது.

இரண்டாவது சறுக்கல், ஓட்டை விழுந்த படம்.

பிரசாரப் பதாகையில் யார் படம் இருக்கலாம் என்பதற்குத் தேர்தல் ஆணையம் விதி வைத்திருந்தது. அந்த விதிப்படி ஜொகூரில் ஒரு பெரிய பதாகையிலிருந்து டாக்டர் மகாதீரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பதாகையின் நடுவில் ஒரு காலி இடம். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் பரவியது. முகம் அப்படியே இருந்திருந்தால், அந்தச் சாலையில் போனவர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது சறுக்கல், கடைசி இரவு.

மே 8 இரவு, வாக்களிப்புக்குச் சில மணி நேரம் முன்பு, நஜிப் தொலைக்காட்சி உரையில் மூன்று சலுகைகளை அறிவித்தார். 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருமான வரி விலக்கு. தேசிய முன்னணி வென்றால் அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கூடுதல் விடுமுறை. நோன்புப் பெருநாளையொட்டி ஐந்து நாள் டோல் இலவசம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் அந்த வரி விலக்கைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. ஊழியர் சேமநிதிப் பிடித்தம் போக ஆண்டுக்குச் சுமார் 34,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதித்தால்தான் பொதுவாக வருமான வரிக் கணக்குக்கே போவோம். மாதத்துக்கு ஏறக்குறைய 2,800 ரிங்கிட். வேலையில் சேர்ந்து ஓரிரு வருஷமே ஆன இளையர் பலருக்கு அப்போது அவ்வளவு சம்பளமே இல்லை. கட்டாத வரிக்கு விலக்கு கிடைத்து என்ன பயன்?

முதல் இரண்டு சறுக்கல்களும் செய்தியாகிப் பழசாகிவிட்டன. மூன்றாவது, சறுக்கலுக்குள் ஒளிந்திருந்த ஒரு செலவு வாக்குறுதி. "இளையர்களுக்கு" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டால் எல்லா இளையருக்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டால்தான் யாருக்கு என்பது தெரியும்.

யார் என்ன சொன்னார்கள்?

நம்பிக்கைக் கூட்டணி மார்ச் 8இல் "புக்கு ஹராப்பான்" என்ற தேர்தல் அறிக்கையை வெளியிட்டது. முதல் 100 நாளில் 10 வாக்குறுதிகள், ஐந்து ஆண்டில் 60 வாக்குறுதிகள். அந்தப் பத்தில் சில இவை:

• ஜிஎஸ்டி ரத்து
• பெட்ரோல் விலையை நிலைப்படுத்தி, தேவைப்படுவோருக்கு மட்டும் மானியம்
• மாதம் 4,000 ரிங்கிட்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்குப் பிடிபிடிஎன் கல்விக் கடன் தவணையைத் தள்ளிவைப்பது
• இல்லத்தரசிகளுக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா
• தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்கிற்கும் ஒரே குறைந்தபட்ச சம்பளம்

இவை தவிர, டோல் கட்டணத்தைப் படிப்படியாக ஒழிப்பதாகவும், இந்தியச் சமூகத்தின் குடியுரிமைப் பிரச்சினையை 100 நாளில் தீர்ப்பதாகவும் சொன்னார்கள்.

தேசிய முன்னணியும் சளைக்கவில்லை. அதன் தேர்தல் அறிக்கை, ஐந்து ஆண்டுக்குள் குறைந்தபட்ச சம்பளத்தை 1,500 ரிங்கிட்டாக உயர்த்துவதாகச் சொன்னது. பிரிம் உதவித்தொகை அதிகரிக்கும், வேலைவாய்ப்புகள் பெருகும் என்றது.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். 222 இடங்களில் நம்பிக்கைக் கூட்டணிக்கு 113. தேசிய முன்னணிக்கு 79. 61 ஆண்டில் முதல்முறையாக ஆட்சி மாறியது. இனி வாக்குறுதிகளுக்குக் காசு தேட வேண்டிய நேரம்.

ஜிஎஸ்டி போனது. பணம் எங்கிருந்து வந்தது?

புதிய அரசாங்கம் இந்த வாக்குறுதியைச் சொன்னபடி வேகமாகச் செய்தது. 2018 ஜூன் 1 முதல் ஜிஎஸ்டி விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து பூஜ்யமானது. விகிதத்தை மாற்ற அமைச்சரின் உத்தரவு போதும், அதனால் நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. சட்டத்தையே ரத்து செய்வது ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நடந்தது. செப்டம்பர் 1 முதல் பழைய விற்பனை, சேவை வரி, அதாவது எஸ்எஸ்டி, திரும்பி வந்தது.

நடுவில் மூன்று மாதம் இரண்டு வரியும் இல்லை. கார் வாங்கக் கூட்டம் அலைமோதியது. சிலர் கல்யாணச் செலவைக்கூட அந்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்த்தார்கள்.

இரண்டு வரிக்கும் என்ன வித்தியாசம்? ஜிஎஸ்டி ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் வசூலாகும். வியாபாரிகள் தாங்கள் கட்டியதைத் திரும்பப் பெறுவார்கள், கடைசியில் சுமை வாங்குபவர் தலையில். எஸ்எஸ்டியில் விற்பனை வரி ஒரே ஒரு தடவை, தொழிற்சாலையிலோ இறக்குமதியிலோ விதிக்கப்படும். சேவை வரி உணவகம், ஹோட்டல் மாதிரி குறிப்பிட்ட சேவைகளுக்கு. எஸ்எஸ்டியின் வலை சின்னது. அதனால் வசூலும் குறைவு.

எவ்வளவு குறைவு? 2017இல் ஜிஎஸ்டி மூலம் அரசாங்கத்துக்கு வந்தது சுமார் 44 பில்லியன் ரிங்கிட். எஸ்எஸ்டி ஒரு முழு ஆண்டுக்குத் தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது சுமார் 21 பில்லியன். கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 23 பில்லியன் ரிங்கிட் ஓட்டை.

இதோடு இன்னொரு தலைவலி. வியாபாரிகளுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டிய ஜிஎஸ்டி பணம் பல பில்லியன் ரிங்கிட் பாக்கி இருந்தது. 2019 வரவுசெலவுத் திட்டத்தில், பாக்கியிருந்த வரிகளைத் திருப்பிக் கொடுக்க 37 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். அதற்காகப் பெட்ரோனாஸிடமிருந்து 30 பில்லியன் ரிங்கிட் சிறப்பு லாப ஈவு வாங்கப்பட்டது. 2018க்கான பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.8 விழுக்காடாக இருக்கும் என்று முந்தைய அரசாங்கம் சொல்லியிருந்தது. ஆண்டு முடிவில் அது 3.7 விழுக்காடு.

நியாயமாகச் சொல்லணும் என்றால், ஜிஎஸ்டி மட்டும் காரணம் இல்லை. முன்பு கணக்கில் சரியாகக் காட்டப்படாத செலவுகள் இருந்தன என்று புதிய அரசாங்கம் சொன்னது. கூட்டரசு அரசாங்கத்தின் கடன் 686.8 பில்லியன் ரிங்கிட் என்பது அதுவரை சொல்லப்பட்ட கணக்கு. அரசாங்க உத்தரவாதங்களையும் மற்ற கடப்பாடுகளையும் சேர்த்தால் 1.087 டிரில்லியன் ரிங்கிட் என்று 2018 மே மாதம் நிதியமைச்சர் லிம் குவான் எங் அறிவித்தார்.

கடனை அடைக்க உதவுகிறோம் என்று பொதுமக்கள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்ததும் அப்போதுதான். "தாபோங் ஹராப்பான்" நிதிக்குச் சில மாதங்களில் 200 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. மனசு பெருசு. ஆனால் 1.087 டிரில்லியனோடு ஒப்பிட்டால் அது 100இல் ஒரு பங்குகூட இல்லை, 5,000இல் ஒரு பங்கு. அரசாங்கக் கணக்கு எவ்வளவு பெரியது என்பதை இந்த ஓர் எண் காட்டிவிடும்.

சரி, கடையில் விலை குறைந்ததா? விலைவாசி ஏறும் வேகம் நன்றாகவே குறைந்தது. 2017இல் 3.7 விழுக்காடாக இருந்த பணவீக்கம், பெட்ரோல் விலை கட்டுப்பாட்டின் உதவியோடு, 2018இல் 1 விழுக்காடானது. ஆனால் பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. ஒரு தட்டு நாசி லெமாக்கின் விலை மெதுவாக ஏறுகிறது என்றால், அது பழைய விலைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. "ஜிஎஸ்டி போயும் விலை இறங்கலையே" என்று மக்கள் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

எஸ்எஸ்டியும் அப்படியே நின்றுவிடவில்லை. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கான வரி 8 விழுக்காடானது. 2025 ஜூலையில் எஸ்எஸ்டி இன்னும் பல பொருளுக்கும் சேவைக்கும் விரிவானது. அரசாங்கத்துக்கு வருமானம் தேவை என்பது எந்தக் கட்சி வந்தாலும் மாறாத விஷயம்.

பிடிபிடிஎன்: உங்களைத் தொட்ட வாக்குறுதி

இளையர்களை அதிகம் ஈர்த்தது கல்விக் கடன் வாக்குறுதிதான். மாதம் 4,000 ரிங்கிட் சம்பாதிக்கும்வரை தவணை கட்ட வேண்டாம். கடன் கட்டாதவர்களை வெளிநாட்டுப் பயணத் தடைப் பட்டியலில் போடுவதும் நிற்கும்.

இதில் இரண்டாவது பாதி உடனே நடந்தது. 2018 ஜூனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் குடிநுழைவுத் துறையின் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அதற்குப் பெரிய செலவு இல்லை, ஒரு முடிவு போதும்.

முதல் பாதி நடக்கவில்லை. ஏன் என்று பாருங்க. பிடிபிடிஎன் கடன் கொடுக்கும் பணம் சும்மா வருவதில்லை. அது அரசாங்க உத்தரவாதத்தோடு சந்தையில் கடன் வாங்கித்தான் மாணவர்களுக்குக் கொடுக்கிறது. பட்டதாரிகள் கட்டும் தவணை நின்றால், தன் கடனை அடைக்க அது இன்னும் கடன் வாங்கணும். இல்லாவிட்டால் அரசாங்கம் கட்டணும். பட்டதாரிகளில் பெரும்பாலோர் முதல் சில ஆண்டுகள் 4,000 ரிங்கிட்டுக்குக் கீழேதான் சம்பாதிப்பார்கள். ஆக, தவணை கட்ட வேண்டியவர்களில் பெரும் பகுதியினர் கட்டவே வேண்டாம் என்று ஆகிவிடும். அடுத்த பேட்ச் மாணவர்களுக்குக் கொடுக்கக் காசு எங்கே?

2018 டிசம்பரில் விஷயம் தலைகீழானது. மாதம் 2,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் சம்பாதிப்பவர்களின் சம்பளத்தில் 2 முதல் 15 விழுக்காடுவரை நேரடியாகப் பிடிக்கப்படும் என்று பிடிபிடிஎன் அறிவித்தது. 4,000 என்று சொன்னது 2,000 ஆகிவிட்டது. கடும் எதிர்ப்பு கிளம்பியதால், சில நாளிலேயே அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இதில் யாருக்கு நஷ்டம்? வாக்குறுதியை நம்பி, "இனி கட்ட வேண்டாம்" என்று நினைத்துத் தவணையை நிறுத்தியவருக்குத்தான். கடன் எங்கேயும் போகவில்லை. அவர் பெயரிலேயே இருந்தது. பாக்கி சேர்ந்தது. தேர்தல் மேடையில் சொன்னதற்கும் உங்கள் கடன் ஒப்பந்தத்துக்கும் தொடர்பு இல்லை. அதிகாரபூர்வக் கடிதமோ அறிவிப்போ வரும்வரை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

பாதி நிறைவேறியவை

பல வாக்குறுதிகள் "செய்தார்கள்", "செய்யவில்லை" என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காது.

இல்லத்தரசி சேமநிதி: கணவரின் சந்தாவிலிருந்து 2 விழுக்காடு மனைவி கணக்குக்குப் போகும் என்பது திட்டம். 2018 ஆகஸ்ட்டில் வந்த ஐ-சூரி திட்டத்தில், தகுதியுள்ள பெண்கள் மாதம் குறைந்தது 5 ரிங்கிட் போட்டால் அரசாங்கம் 40 ரிங்கிட் போட்டது. தொடங்கியது உண்மை. ஆனால் முதலில் சொன்னதைவிடச் சின்ன வட்டத்துக்கு.

குறைந்தபட்ச சம்பளம்: தீபகற்பத்தில் 1,000 ரிங்கிட், சபா, சரவாக்கில் 920 ரிங்கிட் என்று இருந்தது, 2019 ஜனவரியில் எல்லா இடத்திலும் 1,100 ஆனது. சுவாரஸ்யம் என்னவென்றால், 2018இல் தேசிய முன்னணி சொன்ன 1,500 ரிங்கிட் 2022 மே மாதம் நடப்புக்கு வந்தது. அப்போது பிரதமர் இஸ்மாயில் சப்ரி.

டோல்: ஒழியவில்லை. 2020 பிப்ரவரியில் பிளஸ் நெடுஞ்சாலைகளில் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தது.

பெட்ரோல்: தேவைப்படுவோருக்கு மட்டும் மானியம் என்பது 100 நாள் வாக்குறுதி. ரோன்95க்கு அது நடப்புக்கு வந்தது 2025 செப்டம்பர் 30இல், புடி95 திட்டத்தின் கீழ். 100 நாள் என்று சொன்னது ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. நடுவில் பிரதமர்கள் பலர் மாறிவிட்டார்கள்.

குடியுரிமை: நம் சமூகத்தில் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முதுமையை எட்டியவர்கள் இருக்கிறார்கள். 2018 ஜூலையில், 60 வயதைத் தாண்டிய, நிரந்தரவாசத் தகுதியுள்ள 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் வாக்குறுதி சொன்னது பிரச்சினையைத் தீர்ப்பதாக. எந்த ஆவணமும் இல்லாதவர்கள், பிறப்புப் பத்திரமே கிடைக்காத பிள்ளைகள் அந்த எண்ணுக்குள் வரவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்பதிலேயே கட்சிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. எத்தனை பேர் என்று தெரியாமல் 100 நாளில் முடிப்போம் என்பது எப்படி?

2020 பிப்ரவரியில், 22 மாதத்தில் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது. ஐந்து ஆண்டுக்காக எழுதிய 60 வாக்குறுதிக்கு ஐந்து ஆண்டே கிடைக்கவில்லை.

2022: வரவுசெலவுத் திட்டமே வாக்குறுதியானபோது

15ஆவது பொதுத்தேர்தலில் வேறு மாதிரி நடந்தது. 2022 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை, 372.3 பில்லியன் ரிங்கிட் வரவுசெலவுத் திட்டம் மக்களவையில் தாக்கலானது. நடுத்தர வருமானக்காரர்களுக்கு வருமான வரியில் 2 விழுக்காட்டுப் புள்ளி குறைப்பு அதில் இருந்தது. திங்கள்கிழமை, அக்டோபர் 10, நாடாளுமன்றக் கலைப்பு அறிவிப்பு வந்துவிட்டது.

விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆகவே அது சட்டமாகவில்லை. வெள்ளிக்கிழமை வரவுசெலவுத் திட்டமாக இருந்தது திங்கள்கிழமை தேர்தல் அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தேர்தலில் 18 வயதினர் முதல்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். பதிவும் தானாகவே நடந்தது. வாக்காளர் எண்ணிக்கை 14.9 மில்லியனிலிருந்து 21.1 மில்லியனானது. நவம்பர் 19 வாக்களிப்பில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 112 இடம் கிடைக்கவில்லை. தேர்தலில் மோதிக்கொண்ட கூட்டணிகள் சேர்ந்து, டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் தலைமையில் ஒற்றுமை அரசாங்கம் அமைத்தன.

இங்கே ஒரு புதுக் கேள்வி வருகிறது. கூட்டணி அரசாங்கத்தில் யாருடைய தேர்தல் அறிக்கை செல்லும்? ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எது தங்கும், எது போகும் என்பது பேச்சுவார்த்தையில்தான் தெரியும். வரவுசெலவுத் திட்டம் 2023 பிப்ரவரி 24இல் 388.1 பில்லியன் ரிங்கிட்டாக மறுபடி தாக்கலானது. வரிக் குறைப்பு அதில் வேறு வடிவத்தில் வந்தது. குறைந்த, நடுத்தர வருமானத்துக்குக் குறைத்தார்கள். அதிக வருமானத்துக்கு ஏற்றினார்கள்.

ஐந்து கேள்விகள்

அடுத்த தடவை ஒரு வாக்குறுதி உங்கள் போனுக்கு வந்தால், இதைக் கேட்டுப் பாருங்க.

1. எவ்வளவு செலவாகும்? எண் சொல்லியிருக்கிறார்களா? ஓர் ஆண்டுக்கா, ஐந்து ஆண்டுக்கா?

2. பணம் எங்கிருந்து? வழி நாலுதான். வேறு வரி, வேறு செலவைக் குறைப்பது, கடன், அல்லது பெட்ரோனாஸ் மாதிரி நிறுவனத்தின் லாப ஈவு. "ஊழலை ஒழித்தால் போதும்" என்று மட்டும் சொன்னால், ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று கேளுங்க.

3. யாருக்குக் கிடைக்கும்? வயது, சம்பளம், திருமணம், இடம் என்று நிபந்தனை இருக்கும். அந்த நிபந்தனைக்குள் நீங்கள் வருகிறீர்களா?

4. யார் கையில் இருக்கிறது? அமைச்சரின் கையெழுத்து போதுமா, நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டுமா, மாநில அரசாங்கத்தின் அதிகாரமா, தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தமா? பூஜ்ய ஜிஎஸ்டி வேகமாக வந்ததும் டோல் நகராததும் இந்த வித்தியாசத்தால்தான்.

5. எப்போது? "100 நாளில்", "முதல் தவணைக்குள்", "படிப்படியாக" என்பவை மூன்றும் வேறு வேறு வாக்குறுதிகள். தேதி இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் சரிபார்க்கவே முடியாது.

வேறு நாடுகளில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் என்று ஒன்று 2012லிருந்து இயங்குகிறது. ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும், தங்கள் வாக்குறுதிக்கு எவ்வளவு செலவாகும் என்று அங்கே கணக்குப் போட்டு வாங்கலாம். தேர்தல் அறிவிக்கப்பட்டதும், நாட்டின் நிதிநிலை குறித்த அறிக்கையை அரசாங்க அதிகாரிகளே வெளியிட வேண்டும் என்று அங்கே 1998லிருந்து சட்டம் இருக்கிறது. "கஜானா காலி என்று பிறகுதான் தெரிந்தது" என்று சொல்ல அங்கே இடம் குறைவு.

கட்சிகளின் வாக்குறுதிக்கு அப்படி விலை போட்டுத் தரும் நாடாளுமன்ற அலுவலகம் மலேசியாவில் இல்லை. ஆனால் 2023இல் நிறைவேறிய பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் ஓர் அளவுகோல் தருகிறது. பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள்ளும், கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவருவது அதன் இலக்கு. ஒரு கட்சி பெரிய செலவை அறிவிக்கும்போது, அது இந்த இரண்டு எண்ணுக்குள் எப்படி அடங்கும் என்று நீங்கள் கேட்கலாம்.

வாக்குறுதியும் லஞ்சமும் ஒன்றா?

இல்லை. ஆட்சிக்கு வந்தால் எல்லாருக்கும் இதைச் செய்வோம் என்று சொல்வது கொள்கை. ஓட்டுக்காக ஒருவர் கையில் காசோ பொருளோ கொடுப்பது 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். வாங்குபவருக்கும் சிக்கல் வரலாம்.

அடுத்த தேர்தல் எப்போது?

இப்போதைய 15ஆவது நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 2022 டிசம்பர் 19இல். முன்கூட்டியே கலைக்காவிட்டால் ஐந்து ஆண்டு முடியும்போது, அதாவது 2027 டிசம்பரில், அது தானாகவே கலையும். அதிலிருந்து 60 நாளுக்குள் தேர்தல் நடக்கணும். 18 வயதானால் உங்கள் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் மைகார்டில் இருக்கும் முகவரிப்படிதான் தொகுதி. வீடு மாறியிருந்தால் இப்போதே முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். புதன்கிழமை தேர்தல் வந்தாலும் அலைச்சல் குறையும்.

பிரசாரம் தொடங்கியதும் சறுக்கல் வீடியோக்கள் வரும். பாருங்க, சிரிங்க, பெரியப்பாவுக்கு ஒரு ஸ்மைலியும் போடுங்க. அப்படியே உங்களைத் தொடும் இரண்டு மூன்று வாக்குறுதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து அதைத் திறந்து பாருங்கள். அதுக்கு அடுத்த தேர்தலில் யாரிடம் என்ன கேட்கணும் என்று அதுவே சொல்லிவிடும்.